தலைக்கட்டில் இல்லாதவர்களின் தண்ணீர்

அண்ணன் விடுதலைப் பத்திரத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல்செய்தி: “வர்ற வெள்ளிக்கிழமை பொன்னேரி பத்திர ஆபீசுக்கு வந்துட்டுப் போம்மா. பத்து நிமிஷ வேலைதான்.”

ஆரணி ஆற்றுக்குத் தெற்கே எங்கள் பூர்வீக நிலம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. அதில் என் பங்கை அவருக்கே விட்டுக்கொடுப்பதாக நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நிலத்தில் நெல் விளைந்து பல வருஷங்களாகிவிட்டன. இப்போது அதன் மதிப்பெல்லாம் வடக்கு மூலையிலிருக்கும் போர்க் கிணற்றில்தான். தினமும் டேங்கர் லாரிகள் வந்து நிரப்பிக்கொண்டு போகின்றன.

எங்கள் வீட்டில் அத்தைகள் எல்லோரும் இப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள்தான். சீர் செய்தாயிற்று, படிக்க வைத்தாயிற்று, அப்புறம் என்ன பங்கு? கேட்டால் பிறந்த வீட்டு உறவு போய்விடும் என்கிற பயம் எனக்கும் உண்டு. போட்டுவிடத்தான் நினைத்திருந்தேன். அதற்கு முந்தின வாரம் பழவேற்காட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் போட்டும் இருப்பேன்.

போனது என் மாணவி ஒருத்தியைத் தேடி. முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. நெய்தல் திணையில் உப்பு விற்கும் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக வகுப்புக்கு வரவில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, “தண்ணி எடுக்க ஆளில்ல மேம்” என்றாள். ஒரு கணம் எனக்கு அது புரியவே இல்லை.

அவளுடைய ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கும் மணல் திட்டில் ஒரு மீனவக் குப்பம். வீட்டுக்குள் போனால், அவள் அம்மா கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். குடத்தோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வருகிறது, அதுவும் உப்பு. குடிக்கிற தண்ணீர் வேண்டுமென்றால் காசு கொடுத்து கேன் வாங்க வேண்டும், இல்லையென்றால் சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் ஊற்றுத் தோண்டி எடுத்து வர வேண்டும். அப்பா கடலுக்குப் போகிறவர். தம்பி பன்னிரண்டாம் வகுப்பு, அவன் படிப்பைக் கெடுக்கக் கூடாது. மிச்சம் இருப்பது இவள்.

மாணவியின் அம்மாவை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். “வாங்க டீச்சர், ஊத்தப் பாத்துட்டு வரலாம்” என்று உடைந்த கையோடு எழுந்துவிட்டார்.

மணலில் முழங்கால் அளவுக்குப் பள்ளம். அடியில் ஒரு சாண் தண்ணீர். என் மாணவி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றினாள். பத்துக் கொட்டாங்கச்சி எடுத்ததும் நிறுத்தினாள். மறுபடி ஊறும்வரை காத்திருந்தாள். குடம் நிரம்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் சீக்கிரம் நிறையுமே என்றேன். அக்கா சிரித்தார். “ஆழமாத் தோண்டினா கரிக்கும் டீச்சர். மேல நல்ல தண்ணி, கீழ உப்புத் தண்ணி. அவசரப்பட்டா ரெண்டும் கலந்துடும். அப்புறம் அந்த ஊத்து யாருக்கும் ஆவாது.”

அவர் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்புவரை. அவர் சொன்னதுதான் கடற்கரை நிலத்தடி நீரியலின் முதல் பாடம். நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. அதனால் மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறும்.

சென்னைக்கு வடக்கே ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த மணல் பூமிக்குள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அந்த மணலின் இண்டு இடுக்குகளில் தேங்கியிருக்கும் நீரைத்தான் நிலத்தடி நீர்ப்படுகை என்கிறோம். 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இந்தப் படுகையை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் எடுக்கும் கிணற்றுத் தொகுதிகள் வந்தன. 1969-லேயே மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே வருவது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் இறைப்பது நிற்கவில்லை. நகரத்தின் தாகத்தோடு விவசாயமும் தொழிற்சாலைகளும் லாரிகளும் சேர்ந்துகொண்டன. உப்பு கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போய்விட்டது. 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதற்கு மீஞ்சூர் ஆலை என்றே பெயர். நல்ல தண்ணீருக்குப் பேர்போன ஊரின் பெயர் கடைசியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலைக்கு வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். அன்று ஊற்றின் கரையில் அக்கா வேறொன்று சொன்னார். “எங்களுக்கு வர்ற குழாத் தண்ணி ஆரணி ஆத்தோரம் போர் போட்டு எடுக்கறதுதான். உங்க ஊர்ப் பக்கந்தான் டீச்சர். அங்க லாரிக்காரங்க உறிஞ்சறாங்களாமே, அதான் இப்பல்லாம் அதுவும் கரிக்குது.”

நான் தலையாட்டினேன். எங்கள் நிலத்திலும் லாரி நிற்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

2003-ஐயும் 2004-ஐயும் என்னால் மறக்க முடியாது. சென்னையில் கடும் வறட்சி. நான் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். உதவித்தொகை இல்லை. அப்பா அதுவரை கிணற்றுத் தண்ணீரை விற்றதில்லை. தண்ணீரை விற்பது தாய்ப்பாலை விற்பது மாதிரி என்பார். அந்த வருஷம் கடன் கழுத்தைப் பிடித்தது. ஒரு நாள் இரவு முதல் லாரி வந்தது. அப்பா வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார், அண்ணன்தான் போய் மோட்டார் போட்டார். என் விடுதிக் கட்டணமும் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த கூலியும் அந்தக் காசுதான். என் பெயருக்கு முன்னால் இருக்கும் முனைவர் என்ற சொல்லுக்குள் எத்தனை லாரித் தண்ணீர் இருக்கிறது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. இருபது வருஷம் கழித்து அதே படுகையின் மறுமுனையில் ஒரு பெண் தண்ணீருக்காகப் படிப்பை நிறுத்தியிருக்கிறாள். அவளுடைய வகுப்பாசிரியர் நான்.

அந்தத் தண்ணீரை விற்க எங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? 1882-இல் ஆங்கிலேயர் எழுதிய ஈஸ்மெண்ட் சட்டம் கொடுத்தது. நிலத்துக்குக் கீழே கசிந்து நிற்கும் நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலத்தின் சொந்தக்காரருக்கு என்கிறது அது. பட்டா யார் பெயரிலோ, பாதாளத்துத் தண்ணீரும் அவர் கையில். நம் ஊரில் பட்டா யார் பெயரில் இருக்கும் என்று பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்னால் திருமணமாகாத இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. 2005-இல் அது இந்தியா முழுவதற்கும் வந்தது. காகிதத்தில் வந்த பங்கை வீடுகள் விடுதலைப் பத்திரத்தில் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. அண்ணன் அனுப்பிய தாளில் நிலம், மனை, மரம், கிணறு எல்லாம் எழுதியிருந்தது. நிலத்துக்குக் கீழே ஓடுவதையும் சேர்த்துத்தான் நான் விட்டுக்கொடுக்கப் போகிறேன்.

அக்கா பிறந்தது இருக்கம் தீவில். பழவேற்காடு ஏரிக்குள்ளேயே இருக்கும் ஊர் அது. பேசுவது தமிழ், ஆனால் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. “கல்யாணமாயி வந்தப்போ ஸ்டேட்டு மாறிச்சு, தண்ணி மாறல. அங்கயும் ஊத்துதான், இங்கயும் ஊத்துதான்” என்றார். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திரம் பிரியும்வரை இரண்டும் ஒரே சென்னை மாகாணம். 1960 ஏப்ரலில் மறுபடி கோடு மாற்றினார்கள். திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, செங்கல்பட்டு மாவட்டத்தின் சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின. ஆரணி ஆறு ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையைத் தாண்டித்தான் ஊத்துக்கோட்டைக்கும் பெரியபாளையத்துக்கும் எங்கள் ஊருக்கும் வருகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில்தான் எங்கள் கிணறுகள் நிரம்பும். அங்கே மதகு திறக்காத வருஷம் இங்கே நிலத்தடி நீரும் இறங்கும். எங்கள் நிலத்தில் இறங்கினால் குப்பத்துக் குழாய் கரிக்கும். இந்தத் தொடர்ச்சி பூமிக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆற்றுக்காகச் சண்டை போட நமக்கு 1956-ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஆணையம், தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் எல்லாம் இருக்கின்றன. மாநில எல்லையின் அடியில் நகரும் நீருக்கு அப்படி எதுவும் இல்லை. காவிரி வழக்கில் ஒருமுறை அது பேச்சுக்கு வந்தது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுப் படுகையின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்து, தமிழ்நாட்டின் பங்கை 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. உன் பரணில் நகை இருக்கிறதே, பிறகு ஏன் ஜீவனாம்சம் கேட்கிறாய் என்பது போலத்தான் அது எனக்குக் கேட்டது. நிலத்தடி நீரை எண்ணினார்கள், அதைக் காப்பாற்றும் பொறுப்பை யாருக்கும் பங்கு பிரிக்கவில்லை.

நாடுகளுக்கு நடுவிலும் இதே கதைதான். எல்லைகளின் அடியில் பரவிக்கிடக்கும் நீர்ப்படுகைகள் உலகில் 468 இருப்பதாக 2021-இல் ஒரு வரைபடம் வந்தது. அதைத் தயாரித்த பன்னாட்டு நிலத்தடி நீர் மையம் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைகளில் ஒன்று இருந்த நகரம் அது. அந்தக் கம்பெனிதான் பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, இங்கிருந்து துணியையும், அடிமைகளாக மனிதர்களையும் கப்பலேற்றியது. அவர்கள் விட்டுப்போன கல்லறைகளை என் மாணவிகளுக்குக் காட்டியிருக்கிறேன். அவர்கள் ஊரில் நம் காலடித் தண்ணீரின் வரைபடம் இருப்பது எனக்குத் தெரியாமலே இருந்தது.

2008 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை எல்லை தாண்டும் நீர்ப்படுகைகளுக்காக 19 வரைவுப் பிரிவுகளை ஏற்று நாடுகளுக்கு முன்வைத்தது. நியாயமாகப் பகிர வேண்டும், அளவுகளையும் தகவல்களையும் தொடர்ந்து பரிமாற வேண்டும், நீர் ஊறும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் காக்க வேண்டும், மனிதரின் இன்றியமையாத் தேவைக்குத் தனி மதிப்புத் தர வேண்டும் என்கிறது. கட்டாயச் சட்டமில்லை, வழிகாட்டல்தான். அதைப் படித்தபோது அக்காவின் ஊற்று ஒழுங்கு நினைவுக்கு வந்தது. மொண்டவர் நிறுத்தி, ஊறவிட்டு, அடுத்தவருக்கு இடம் கொடுக்கிற ஒழுங்கு.

முடியாத காரியமும் இல்லை. ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவாவும் பிரான்சின் பக்கத்து மாவட்டமும் ஒரே படுகையிலிருந்து குடிநீர் எடுக்கின்றன. 1960களிலும் 70களிலும் இறைத்த இறைப்பில் நீர்மட்டம் ஏழு மீட்டருக்கும் மேல் இறங்கியது. பயந்துபோய் 1978-இல் ஒப்பந்தம் போட்டார்கள். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று மீட்டர் வைத்து அளந்தார்கள். ஆர்வ் ஆற்றின் நீரைச் சுத்திகரித்துப் பூமிக்குள் திருப்பி அனுப்பினார்கள். அளவு தாண்டி எடுத்தவர் அந்தச் செலவில் பங்கு கொடுத்தார். படுகை மீண்டது. தென்னமெரிக்காவில் அர்ஜெண்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே நான்கும் குவாரானிப் படுகைக்காக 2010-இல் கையெழுத்துப் போட்டன. அது நடைமுறைக்கு வர 2020 ஆயிற்று.

இந்த ஒப்பந்தங்களில் பேசுகிறவர்கள் நாடுகள், மாநிலங்கள், நகராட்சிகள். எனக்கு அதற்குக் கீழே ஒரு கேள்வி இருக்கிறது. பழவேற்காட்டில் நாடுகளுக்கு முன்பே ஒரு பங்கீடு உண்டு. பாடு என்பார்கள். கோட்டைக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் ஏரியின் நல்ல இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்து மீன்பிடிக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் உலகமெங்கும் மேற்கோள் காட்டும் முறை அது. அதில் பங்கு தலைக்கட்டுக்கு. தலைக்கட்டு என்றால் அந்தச் சாதியின் ஆண். ஏரியில் கழுத்தளவு நீரில் நகர்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை. மீனைக் கூடையில் சுமந்து விற்கும் அக்காவும் இல்லை. பகிர்வு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு மனம் இளகிவிடுகிறது. பகிர்கிறவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், அங்கேயும் எல்லாத் தலைகளிலும் தலைப்பாகைதான்.

மதிப்பீடுகளும் அப்படித்தான். தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைப் பிர்கா வாரியாக மதிப்பிட்டு, பாதுகாப்பானது, நெருக்கடி, மிகை நுகர்வு என்று வகை பிரிக்கிறார்கள். முழுக்க உப்பாகிவிட்ட பிர்காவுக்கு ‘உப்பு’ என்று தனி வகை. ஓர் ஊர் அந்தக் கட்டத்துக்குள் போய்விட்டால், அதற்குப் பிறகு அங்கே இழக்க ஒன்றும் இல்லை என்பது போல ஆகிவிடுகிறது. ஒரு குடத்துக்கு முக்கால் மணி நேரம் என்பதை எழுத அந்தப் பட்டியலில் கட்டமே இல்லை. என் மாணவி தவறவிட்ட மூன்று வார வகுப்புகளுக்கும் இல்லை.

வியாழக்கிழமை இரவு அண்ணனைக் கூப்பிட்டேன். கையெழுத்துப் போட முடியாது என்றேன். காசு வேண்டாம், என் பங்கு என் பெயரில் இருக்கட்டும், லாரிக்கு விடுவதை நிறுத்தலாம் என்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“உன் படிப்புக்கு அந்தத் தண்ணிதான் பீஸ் கட்டுச்சு, மறந்துட்டியா?”

“மறக்கலண்ணா.”

“நாம நிறுத்தினா மட்டும் தண்ணி நின்னுடுமா? பக்கத்துக் கொல்லைக்காரன் ரெண்டு லாரி சேத்து நிறுத்துவான். நமக்குத்தான் நஷ்டம்.”

அவர் சொன்னது பொய்யில்லை. பூமிக்குள் வரப்பு கிடையாது. நாங்கள் விட்டுவைப்பது அடுத்த போருக்குத்தான் போகும். எல்லை தாண்டிய நீருக்காகப் பேச உட்காரும் எல்லா நாடுகளும் முதலில் சொல்வது அண்ணன் சொன்னதைத்தான். ஜெனீவாவில் அதற்கு ஒரு மீட்டரும் ஒரு ஒப்பந்தமும் பதிலாக இருந்தன. என்னிடம் ஒரு கால் பங்கு நிலமும் ஒரு கைப்பேசியும் இருந்தன.

அண்ணன் இப்போது என்னோடு பேசுவதில்லை. அண்ணி மட்டும் பொங்கலுக்கு அழைத்தார். லாரிகள் இன்னும் வருகின்றன. ஆனால் போருக்குப் பக்கத்தில் அப்பா காலத்துத் திறந்த கிணறு ஒன்று உண்டு. பங்குக்காரி என்பதால் என்னை யாரும் தடுக்க முடியாது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை போய், முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்கிறேன். ஒரு வாய் குடித்துப் பார்த்து, கரிக்கிறதா என்று எழுதுகிறேன். அதே நாளில் என் மாணவி அவர்கள் ஊற்றில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்து அனுப்புகிறாள். அக்காவின் கை கூடிவிட்டதால் வாரத்தில் நான்கு நாள் வகுப்புக்கு வருகிறாள். ஆய்வேட்டில் ஒரு இயலை மாற்றிக்கொண்டாள், இப்போது தண்ணீர் சுமக்கும் பெண்களைப் பற்றி எழுதுகிறாள். இருக்கம் தீவில் அக்காவின் தங்கையும் போன மாதத்திலிருந்து கணக்கு அனுப்புகிறார். இரண்டு மாநிலம், மூன்று இடம், ஒரு நாற்பது பக்க நோட்டு.

மாதாமாதம் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அண்ணனுக்கும் அனுப்புகிறேன். நீல டிக் வருகிறது. பதில் இன்னும் வரவில்லை.